அல்லதும் இல்லாங்காட்டியும்

எங்கள் ஊரில் யாரும் ‘அல்லது’ என்று பேசுவதில்லை. அது பத்திரத்திலும் பாடப்புத்தகத்திலும் அரசாங்க விண்ணப்பத்திலும் குடியிருக்கிற சொல். பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் சொல்வது ‘இல்லாங்காட்டி’. டீக்கடையில் நின்று, “டீ குடு, இல்லாங்காட்டி காபி குடு” என்று ஒருவர் கேட்டால், கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் காபியைக் கலந்து நீட்ட மாட்டார். முதலில் டீ. டீத்தூள் தீர்ந்து போயிருந்தால்தான் காபி. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

இந்த இரண்டு சொல்லும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு பத்திர எழுத்தர் எழுதிய ஒரே ஒரு வரியால் என் சித்தியின் பிழைப்பு நடுத்தெருவுக்கு வந்தது. நடுத்தெருவுக்குக்கூட வரவில்லை. தெருவிலிருந்து உள்ளே தள்ளப்பட்டது, அதுதான் பிரச்சினையே.

நான் ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தில் வக்கீல். சிவில் வழக்குகள்தான் அதிகம். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் பெயர் வாங்கியவள். கோபத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறவர்களைவிட நான் ஆபத்தில்லாதவள் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டக் கல்லூரியில் கடன்பட்டவருக்கும் கடன் வரவேண்டியவருக்கும் நடுவே என்னென்ன வகைக் கடமைகள் உண்டு என்று ஒரு பாடம் இருந்தது. நம் மொழியில் கடன் என்றால் பணம் மட்டுமில்லை, செய்தே ஆகவேண்டிய எதுவும் கடன்தான். காலைக்கடன் வரைக்கும் அந்தப் பட்டியலில் சேரும். ஒன்றும் தரவேண்டும், மற்றொன்றும் தரவேண்டும் என்பது ஒரு வகை. இரண்டில் ஏதாவது ஒன்றைத் தந்தால் போதும் என்பது இன்னொரு வகை. இதைத்தான் தரவேண்டும், இது முடியாமல் போனால் மட்டும் அது என்பது வேறொன்று. இரண்டில் ஒன்று என்கிற வகைக்குப் பசுவையும் குதிரையையும் உதாரணமாகச் சொன்னார்கள். ஒருவன் பசு அல்லது குதிரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் எதைத் தருவது என்று யார் முடிவு செய்வது? தரவேண்டியவன்தான், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. பிள்ளைப்பாக்கத்தில் குதிரை யாரிடம் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தும் போனேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா காலமான பிறகு, ரோட்டை ஒட்டியிருந்த தன் மனையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மெஸ் வைத்தாள். வீடு அதே மனையின் பின்பாதியில் இருந்தது. சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் ஷிஃப்ட் பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக அவளுடைய பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்ச் சாம்பாரை அவர்கள் தண்ணீர் என்று கேலி செய்தபோது சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களையே கேட்டு, தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அவள் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்த வருஷம் முன்பாதி மனையை விற்றாள். வாங்கியவர் எங்கள் ஊர்க்காரர், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் காண்ட்ராக்டர். சித்திக்கு அண்ணன் முறை, அதனால் எனக்கு மாமா. அந்த இடத்தில் அவர் வேலைக்காரப் பிள்ளைகள் தங்க ஒரு ஹாஸ்டல் கட்டப்போகிறார், கீழே ரோட்டைப் பார்த்து மூன்று கடைகள். சித்தி விலையில் நிறையவே விட்டுக்கொடுத்தாள். காரணம் அவர் சொன்ன வார்த்தை.

“ஒரு கடை உனுக்கு, தங்கச்சி. நீ இருக்கிற வரிக்கும் வாடகையே வோணாம். கடைக்கு பிளான் அப்ரூவல் வராம பூட்ச்சின்னா, பின்னால உன் வூட்டுக்குப் போவ வழியாச்சும் உட்டுர்றேன்.”

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தரிடம் சித்தி இதைச் சுருக்கிச் சொன்னாள்: “ஒரு கடை குடுக்கணும். இல்லாங்காட்டி வழி உடணும். அத்த எழுதிடுங்க.”

பத்திர எழுத்தருக்கு வேலையே வாய்த்தமிழைப் பத்திரத்தமிழாக மாற்றுவதுதான். வூடு என்றால் ‘வீடு’ என்று எழுதுவார், கெணறு என்றால் ‘கிணறு’ என்று எழுதுவார். அதே கை வேகத்தில், ‘தரைத்தளத்தில் கடை ஒன்று அல்லது பின்மனைக்குச் செல்ல ஆறடி அகலப் பாதை’ என்று எழுதிவிட்டார். பிறகு சத்தமாகப் படித்தும் காட்டினார். சித்தி ‘அல்லது’ என்று காதில் வாங்கி ‘இல்லாங்காட்டி’ என்று மனதில் போட்டுக்கொண்டாள். கையெழுத்தும் போட்டாள். அன்றைக்கு நான் ஒரு வழக்குக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். வீட்டில் வக்கீல் இருந்து என்ன பிரயோஜனம் என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள்.

கட்டடம் மளமளவென்று எழுந்தது. அப்ரூவலும் வந்தது. சித்தி அதுவரை பின்னால் வீட்டிலேயே சமைத்து, தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கடைகள் ரயில் பெட்டி போல நீளமாக, ரோட்டில் தொடங்கிச் சித்தியின் மனையை ஒட்டிய பின்சுவர் வரைக்கும் ஓடின. ஓரக்கடை தனக்குத்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டு, அடுப்பு எங்கே, கை கழுவும் தொட்டி எங்கே என்று தினமும் போய் அளந்துகொண்டு வந்தாள். சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம், “பின்சொவத்துல ஒரு கதவு வெச்சிடுப்பா, வூட்டுக்குப் போவ வர வசதியா இருக்கும்” என்றும் சொல்லியிருக்கிறாள். முதலாளியைக் கேட்காமல் வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் ஷட்டரில் செல்போன் கடை வந்தது. அடுத்ததில் மருந்துக்கடை. ஓரக்கடையில் ஒரு நாள் காலையில் பெரிய பிரியாணி அண்டா இறங்கியது.

சித்தி பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்ற வாசலுக்கே வந்துவிட்டாள். புங்கமரத்தடியில் நின்று படித்தேன். அந்த வரிக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

“அண்ணங்கிட்ட கேட்டேன். ‘வழி உட்டுட்டேன் இல்ல, ரெண்டுல ஒண்ணுன்னுதான போட்டிருக்குது’ன்றாரு. இன்னாடி இது?” என்றாள் சித்தி.

“அல்லதுன்னு எழுதியிருக்கு சித்தி. யார் தேர்ந்தெடுக்கணும்னு எழுதல. அப்படின்னா தர வேண்டியவர்தான் தேர்ந்தெடுப்பாரு. அவர் வழிய எடுத்துட்டாரு.”

“அது எப்டி? குடுக்க வேண்டியவன் அவரு. வாங்க வேண்டியவ நானு. எனுக்கு இன்னா வோணும்னு அவரு எப்டி சொல்லுவாரு?”

இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கட்டுப்பட்டு நிற்பவன் ஏற்கெனவே பாரம் சுமக்கிறான், சந்தேகம் வந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக்கிக் கொடுப்பது சட்டத்தின் வழக்கம் என்று விளக்கினேன். நான் சொல்வதை நானே கேட்கச் சகிக்கவில்லை.

“கோர்ட்டு இன்னா, மாமியாரா? எப்ப பாத்தாலும் புள்ள பக்கமே பேசறதுக்கு?” என்றாள்.

சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கியது. ஓரக்கடையில் அடுப்பு வைக்கும் மூலையை அவள் எனக்கே ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள்.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். அவர் கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. சித்தப்பா சாவுக்குப் பந்தல் போட்டதே அவர்தான். வாடகை நல்லதாக வந்ததும் மனசு மாறிவிட்டது, அவ்வளவுதான். “நீ படிச்சவ, வக்கீலம்மா. நீயே படிச்சி சொல்லு, அதுல தப்பு இன்னா கீது?” என்று பத்திர நகலை என் முன்னால் நகர்த்தினார்.

“எழுதினதுல தப்பு இல்ல மாமா. நீங்க வாயால சொன்னது வேற, எழுத்துல இருக்கறது வேற.”

“எழுத்துதான பேசும்?”

உண்மைதான். எழுத்து இருக்கும் இடத்தில் வாய்ப்பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு குறைவு. வழக்குப் போட்டால் தீர்ப்பைப் பேரப்பிள்ளைகள்தான் கேட்பார்கள். பின்பக்கமாக ஏரிக்கால்வாய் ஓரத்தில் ஒரு மண்தடம் வேறு இருந்தது, மழைக்காலத்தில் அது முழங்கால் சேறு. வேறு வழியே இல்லாதவளுக்குப் பாதை எப்படியும் விட்டாக வேண்டும், அது கடைக்கு ஈடாகாது என்றுகூட வாதாட முடியாது.

வீட்டுக்கு வந்து கோபம் ஆறாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பசு, குதிரைப் பாடத்தின் மிச்சம் ஞாபகம் வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை தரவேண்டியவனுக்கு உண்டு, ஆனால் ஒரே ஒரு முறைதான். தேர்ந்தெடுத்து, அதை மற்றவருக்குத் தெரிவித்துவிட்டால் அதோடு ‘அல்லது’ செத்துப்போகிறது. பசு என்று சொல்லிவிட்டால் பிறகு பசு மட்டும்தான் கடன். நாளைக்குப் பசு பால் கறக்க ஆரம்பித்ததும், குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது.

சரி, தேர்ந்தெடுத்ததை அவர் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பினேன். கடை தருகிறீர்களா, பாதை தருகிறீர்களா, எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவருடைய வக்கீல் வெகு ஜோராகப் பதில் அனுப்பினார்: தம் கட்சிக்காரர் பாதையையே தேர்ந்து அளித்துவிட்டார், கடை பற்றிய கடமை முற்றிலும் முடிந்துபோனது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, பாதைக்குத் தனியாக வழியுரிமைப் பத்திரமும் பதிவு செய்து தரச் சொன்னேன். மாமா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிற்காலத்தில் பயன்படும் என்றெல்லாம் திட்டம் போட்டு நான் இதைச் செய்யவில்லை. வேறு எதுவும் செய்ய முடியாத ஆத்திரத்தில் செய்தேன்.

சித்தி பின்னால் ஷீட் போட்டு மெஸ்ஸை மறுபடி தொடங்கினாள். கட்டடத்துக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே அந்த ஆறடிப் பாதை. ரோட்டில் இருந்து பார்த்தால் உள்ளே ஒரு மெஸ் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பாதை வாயில் அம்புக்குறி போட்ட அட்டை ஒன்றை மாட்டினாள். அதைப் பிரியாணிக் கடை வாசலில் நிற்கும் மோட்டார் பைக்குகள் மறைத்தன. பழைய பிள்ளைகள் தேடி வந்தார்கள், புதியவர்கள் பிரியாணியோடு நின்றுவிட்டார்கள். மாவு மிஞ்சிப் புளித்தது. மெஸ்ஸை மூடிவிட்டு ஏதாவது கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போகலாமா என்று ஒரு நாள் சித்தி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

ஆனாலும் மூடவில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள். அதற்குள் பிரியாணிக் கடைக்காரர் ஒரகடம் பக்கம் பெரிய இடம் கிடைத்து அண்டாவோடு போய்விட்டார். ஓரக்கடை ஷட்டர் மூடியே கிடந்தது. அதைத் தாண்டித்தான் சித்தி தினமும் போய் வந்தாள், ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சித்தி போன் செய்தாள். “ஒடனே வாடி. அண்ணன் வந்து சாப்பிட்டுகினு கீறாரு.”

நீதிமன்றத்தில் இருந்து கழுத்துப்பட்டையோடு அப்படியே போனேன். மாமா நிதானமாக மோர் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கேட்க வந்தவர்கள் முதலில் சாப்பிட்டுவிடுவார்கள். சோறு போட்டவள் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி தன் பெண் தொழிலாளிகளுக்காக ஹாஸ்டல் முழுவதையும் மொத்தமாக வாடகைக்குக் கேட்டிருக்கிறது. பார்வையிட வந்தவர்கள், தீப்பிடித்தால் இறங்குவதற்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டுப் பக்கம் முழுக்கக் கடை ஷட்டர்கள் என்பதால், படி இறங்க அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு திறந்த பக்கம்தான் மிச்சம் இருந்தது. சித்தியின் பாதை.

“அதான் தங்கச்சி, நீ ஆசப்பட்ட கடையே எடுத்துக்கோ. வழிய நான் எடுத்துக்கிறேன். பத்திரத்துல கடை அல்லது வழின்னுதான கீது? ரெண்டுல ஒண்ணு குட்த்தா சரியாப் போச்சு.”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னாள்:

“அண்ணே, அந்த அல்லதுவ அன்னிக்கே நீ எடுத்துகினு பூட்டியே. எங்கிட்ட இப்ப வழி மட்டும்தான் கீது.”

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். அவருடைய வக்கீல் அனுப்பிய பதிலை ஞாபகப்படுத்தினேன். இனி சித்தி சம்மதித்தால் ஒழிய வழிக்குப் பதிலாக வேறு எதையும் தர முடியாது என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைக்கவில்லை.

சித்தி என்னைக் கிரைண்டர் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். “இப்ப இன்னா செய்யலாம்?”

“குடுக்காத சித்தி. ஒரு வருஷம் மாவு புளிச்சிதே, அத நெனச்சிப் பாரு. அவரு அலையட்டும்.”

“அவரு அலஞ்சா எனுக்கு இட்லி வேவுமா? உனுக்கு அவர தோக்கடிக்கணும். எனுக்கு கடை வோணும்.”

“அன்னிக்கி அவர் செஞ்சதுக்கு?”

“அதுக்குத்தான் ஒண்ணு கேக்கப்போறேன்.”

அவள் சொன்னதை நான் அப்போது ஏற்கவில்லை. அவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது என்றுதான் இப்போதும் பாதி மனசு சொல்கிறது. ஆனால் வழி அவளுடையது, கோபம் மட்டும்தான் என்னுடையது.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் மாமாவின் எதிரில் உட்கார்ந்தாள். “ஓரக்கடை வோணும். நீ அன்னிக்கி சொன்னாப்புல, நான் இருக்கிற வரிக்கும். அதோட, பின்சொவத்த ஒடச்சி ஒரு கதவு வெச்சிக் குடு. கடைக்குள்ளாரயே பூந்து என் வூட்டுக்குப் போய்க்கிறேன். உன் படிய நீ எங்க வோணும்னாலும் எறக்கிக்கோ.”

மாமா திரும்பிக் கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தார். “ஒரு கதவுதானா?” என்றார். கடையைத் தர மனசிருந்து, அந்தக் கதவையும் அவர் முதலிலேயே வைத்திருந்தால் பாதைக்கே அவசியம் வந்திருக்காது. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். “சரி தங்கச்சி” என்று எழுந்துகொண்டார். போகும்போது சாப்பாட்டுக்குக் காசு வைக்கப் போனவரைச் சித்தி முறைத்தாள், எடுத்துக்கொண்டு போனார்.

பழைய கடமையை முடித்து அதன் இடத்தில் புதிதாக ஒன்றை வைக்கும் பத்திரம் என்பதால் வாசகத்தை நானே எழுதினேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அதே பத்திர எழுத்தர்தான் முத்திரைத்தாளில் டைப் செய்தார். சித்தி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“கடையும், பின்சுவரில் வாயிலும்...” என்று அவர் ஆரம்பித்தார்.

“வாயில் இன்னா வாயிலு? கதவுன்னு போடு.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“அன்னிக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிதான எழுதின.”

அவர் என்னைப் பார்த்தார். “கதவுன்னே போடுங்க” என்றேன்.

ஓரக்கடைக்கு மெஸ் வந்து சேர்ந்த முதல் வாரம், பெயிண்டர் ஒருவர் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். மாதம் முழுவதற்கும் முன்பணம் கட்டிச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு என்னென்ன உண்டு என்கிற விவரம். காலை: பொங்கல் அல்லது இட்லி. இரவு: சப்பாத்தி அல்லது தோசை. நான் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்துவிட்டுச் சித்தியைச் சீண்டினேன்.

“இப்ப நீதான் கடன்பட்டவ சித்தி. காசு கட்டிட்டாங்க, சாப்பாடு போட வேண்டியவ நீ. பொங்கலா இட்லியான்னு நீயே முடிவு பண்ணலாம். சட்டம் உன் பக்கம்.”

சித்தி கரண்டியோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். பிறகு பெயிண்டரிடம் இருந்து மண்ணெண்ணெய்த் துணியை வாங்கி, ஈரம் காயாத இரண்டு ‘அல்லது’களையும் அழித்தாள். அழித்த இடத்தில் கறையாக நீலம் படிந்தது. “அந்த எடத்துல இன்னா எழுதட்டும்?” என்று அவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

அப்போது ஷிஃப்ட் முடிந்து வந்த தூத்துக்குடிப் பிள்ளை ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு நின்றான். “எக்கா, பொங்கல் தாங்க. இல்லாட்டி இட்லி தாங்க.”

பொங்கல் தீர்ந்துபோயிருந்தது. இட்லி ஆவி பறக்க இருந்தது. அதை வைத்திருந்தால் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான்.

“குந்து கண்ணு. பொங்கலத்தான மொதல்ல கேட்ட?” என்று சொல்லிவிட்டுச் சித்தி பின்கதவைத் திறந்து, வீட்டு அடுப்பில் பொங்கல் வைக்கப் போனாள்.